நல்ல காலில் போட்ட கட்டு

மார்ச் 4

அன்புள்ள அக்கா,

போன் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய். செய்தி அனுப்பினால் படித்ததாக அடையாளம் மட்டும் வருகிறது, பதில் வருவதில்லை. கடிதத்தையாவது பிரிக்காமல் வைக்க உனக்கு மனசு வராது என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. முப்பத்தொரு வயதில் திருத்திக்கொண்ட கையெழுத்து, இதற்கு மேல் திருந்தாது.

நல்ல செய்தி! எங்கள் கல்லூரிக்கு அடுத்த ஐந்து வருடத்துக்கு அங்கீகாரம் கிடைத்துவிட்டது. ஆய்வுக்குழு மூன்று நாள் எங்களைப் பிழிந்து எடுத்துவிட்டது. குழுத் தலைவி ஓர் ஒல்லியான அம்மா, மூக்கு நுனியில் கண்ணாடி. கழிப்பறைக் குழாயைக்கூட விடவில்லை, திறந்து பார்த்தார். தச்சுப் பட்டறையில் ரம்பத்தின் பல்லை எண்ணாத குறைதான். இறுதி ஆட்டத்துக்கு முன்னால்கூட இரண்டு தட்டு காலி செய்கிறவன் நான். அந்த மூன்று நாளும் எனக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை.

இந்தக் கல்லூரி எனக்கு என்ன என்று உனக்குத் தெரியும். பதினோரு வருடம் சம்பளத்துக்குக் கால்பந்து ஆடியவன், முட்டி போனதும் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தேன். சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து இங்கே விட்டது நீதான். பகலில் விளையாட்டு ஆசிரியர் வேலை. மாலையில் பஸ் டிரைவர்களோடும் வேலை போன காவலாளிகளோடும் ஒரே பெஞ்சில் படிப்பு. இன்று அதே கல்லூரிக்கு முதல்வர் என்று என் அறைக் கதவில் எழுதியிருக்கிறது. ஆயிரத்து நானூறு பேர் படிக்கிறார்கள், பாதிப் பேர் பிள்ளைகளை வளர்த்து முடித்துவிட்டு வந்தவர்கள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்த பெஞ்சு ஞாபகம் வருகிறது.

ஆய்வில் ஒரே ஒரு இடத்தில் மாட்டிக்கொள்ளப் பார்த்தோம். பேக்கரிப் பிரிவில். உன்னுடைய பழைய வித்தை ஒன்று கைகொடுத்தது. நேரில் வா, சொல்கிறேன். வயிறு வலிக்கச் சிரிப்பாய்.

ஜூனில் பட்டமளிப்பு விழா. மூன்று வருடத்துக்கு முன் நான் பதவியேற்ற விழாவில் பாதிப் பேச்சில் எழுந்து போனாயே, அன்றிலிருந்து இந்த மௌனம். மூன்றாவது வரிசையில் உட்கார வைத்ததுதான் காரணம் என்று என் மனைவி அடித்துச் சொல்கிறாள். இந்த முறை முதல் வரிசை, நடு நாற்காலி. அத்தானையும் கூட்டிக்கொண்டு வா.

உன் தம்பி


மார்ச் 13

தம்பிக்கு,

கடிதம் வந்தது, பிரித்தேன். வார்டில் நோயாளிகளுக்குக் காலை மருந்து கொடுத்து முடித்து, பத்து நிமிஷம் கிடைத்ததில் எழுதுகிறேன்.

அங்கீகாரம் கிடைத்ததில் சந்தோஷம்தான். இல்லை என்று சொன்னால் பொய். உன் அத்தானிடம் சொன்னேன், அவரும் சந்தோஷப்பட்டார்.

நாற்காலிக்காக எழுந்து போகிறவளா நான்? முப்பது வருடமாக நின்றுகொண்டே வேலை பார்க்கிறவளுக்கு எந்த வரிசையாக இருந்தால் என்ன! உன் மனைவியிடம் சொல், அந்தக் கவலையை விடச் சொல். நான் எழுந்து போனது நீ பேசிய பேச்சால். எந்த இடத்தில் எழுந்தேன் என்று உனக்கு ஞாபகம் இருந்தால் ஏன் என்றும் தெரிந்திருக்கும். ஞாபகம் இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம். அதையே ஜூனிலும் பேசுவாய், நான் வரவில்லை.

என்ன வித்தை? நான் உனக்குச் செய்து கொடுத்தது ஒரே ஒரு வித்தை. அதைப் பேக்கரியில் எதற்கு எடுத்தாய்? யோசித்துப் பார்த்தேன், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாடிப்படி ஏறும்போது எந்தக் காலை முதலில் வைக்கிறாய்? உண்மையை எழுது.

அக்கா


ஏப்ரல் 9

அக்கா,

ஒரு கெட்டது நடந்துவிட்டது. நீ கேட்டதற்கெல்லாம் பிறகு பதில் எழுதுகிறேன்.

ஆய்வு முடிந்த மறுநாளே ஒரு மாத விடுமுறை விட்டோம். ஆறாம் தேதி திறந்தோம். முதல் வகுப்பிலேயே பேக்கரிப் பிரிவில் ஒரு மாணவிக்கு மாவு பிசையும் மெஷினில் கை மாட்டிவிட்டது. வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. மாணவி என்றால் சின்னப் பெண் இல்லை, உன் வயதுதான். பத்தொன்பது வருடம் சட்டைத் தொழிற்சாலையில் பட்டன் தைத்தவர். தொழிற்சாலையை மூடியதும் இங்கே வந்து சேர்ந்தார். கூடப் படிப்பவர்கள் பட்டன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கைக்கு ஆபரேஷன் செய்யும் டாக்டர் உங்கள் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார் என்று நேற்று அங்கே அனுப்பியிருக்கிறோம். உன் வார்டுக்குத்தான் வருவார் என்று நினைக்கிறேன்.

எங்களிடம் இரண்டு மெஷின். பழையது ஒன்று, புதியது ஒன்று. மூடியைத் திறந்தால் மெஷின் தானாக நின்றுவிட வேண்டும். பழையதில் அந்த ஸ்விட்ச் சில மாதமாக வேலை செய்யவில்லை. இந்த மாதிரி பழுதான மெஷினில் சிவப்பு போர்டு மாட்டிக் கம்பி முறுக்குவது வழக்கம், 'பழுது, தொடாதே' என்று. மாட்டியவர்தான் கழற்ற வேண்டும், வேறு யாரும் அதில் கை வைக்கக் கூடாது. நான் முதல்வரானதும் போட்ட முதல் விதி அது. ஆனால் விபத்து நடந்த அன்று போர்டு புதிய மெஷினில் தொங்கியது, பழையது வெறுமையாக இருந்தது. பேக்கரி மாஸ்டர் மாற்றி மாட்டிவிட்டார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஐம்பத்தெட்டு வயது, தடித்த கண்ணாடி. அன்றைக்கு அவர் விடுப்பு வேறு. அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறோம். விசாரணை மே 6.

எனக்கு மனசே சரியில்லை. அந்த அம்மாவை நன்றாகப் பார்த்துக்கொள். இன்னொன்று, எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. கல்லூரியைப் பற்றி அவர் ஏதாவது சொன்னால் எனக்கு ஒரு வார்த்தை எழுது. புகார் என்று வந்தால் தயாராக இருக்கத்தான்.

நீ கேட்ட வித்தை ஒன்றுமில்லை. சும்மா விளையாட்டாக எழுதினேன், விடு.

தம்பி


ஏப்ரல் 16

தம்பிக்கு,

என் வார்டில்தான் இருக்கிறாள். ஜன்னலோரக் கட்டில். ஆபரேஷன் முடிந்துவிட்டது, மிச்சமிருக்கும் மூன்று விரலையும் காப்பாற்றிவிடலாம் என்று டாக்டர் சொல்கிறார். இடது கையால் சாப்பிடுகிறாள். பாதி படுக்கையில் கொட்டுகிறது. ஊட்டிவிட்டால் வாயை மூடிக்கொள்கிறாள்.

என்ன சொன்னாள் என்று கேட்டிருந்தாய். அப்படியே எழுதுகிறேன்.

"நாங்க எல்லாம் சரியாத்தான் செஞ்சோம் சிஸ்டர். போர்டு இருக்கிறதத் தொடக் கூடாதுன்னு மாஸ்டர் தலையில அடிச்ச மாதிரி சொல்லிக் குடுத்திருக்கார். அதனாலதான் போர்டு இல்லாததுல மாவப் போட்டோம். மூடியத் திறந்தா நின்னுரும்னு தைரியமா கைய விட்டேன்."

கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள். "மாஸ்டர் மாத்தி மாட்டிட்டாருன்னு சொல்றாங்களாமே? லீவுக்கு முன்னால அவர் பழைய மெஷின்லதான் மாட்டினார். நான்தான் பக்கத்துல நின்னு கம்பி முறுக்கிக் குடுத்தேன். லீவுல பழச சரி பண்ணிட்டு, புதுசுல ஏதோ கோளாறுன்னு யாரோ மாத்தியிருக்காங்கன்னு நினைச்சோம். அவர் செய்யலன்னு நான் எங்க போய்ச் சொல்லணும் சிஸ்டர்?"

முந்தாநாள் உன் அலுவலகத்திலிருந்து ஒருவர் காகிதத்தோடு வந்தார். எந்த மெஷினில் போர்டு இருந்தது என்று தனக்கு நினைவில்லை என்று அவள் சொல்வதாக அழகாக டைப் அடித்திருந்தது. இடது கையால் கையெழுத்துப் போட்டால் போதும் என்று பேனாவையும் நீட்டினார். மருந்து மயக்கத்தில் இருப்பவளிடம் என் வார்டில் யாரும் கையெழுத்து வாங்க முடியாது என்று சொல்லி வெளியே அனுப்பினேன். அந்தக் காகிதத்தை அனுப்பியது யார், அவரா, நீயா?

அன்றைக்கு வேலை முடிந்து பஸ்ஸில் போகும்போது எனக்கு உன் கடிதம் ஞாபகம் வந்தது. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டேன்.

நீ கடைசியாக ஆடிய ஆட்டத்துக்கு முன் நான் செய்த வித்தை அது. கட்டைப் பார்த்தால் டீம் டாக்டர் அந்தக் காலைத்தான் அழுத்திப் பார்ப்பார். எதிராளியும் அந்தக் காலைத்தான் குறி வைப்பான். அதனால் வலிக்கிற வலது காலை அப்படியே விட்டுவிட்டு, நல்ல இடது காலில் பட்டை பட்டையாகக் கட்டுப் போட்டு உன்னை அனுப்பினேன். டாக்டர் இடது காலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, "இரும்பு மாதிரி இருக்கே, எதுக்கு இந்தக் கட்டு?" என்று சிரித்தார். நாமும் கூடச் சேர்ந்து சிரித்தோம்.

போர்டு மாட்டிய மெஷினைத்தானே ஆய்வுக்குழு அம்மா ஓட்டிப் பார்த்தார்?

எந்தக் காலில் கட்டு போட்டாய்? இதற்கு மட்டும் பதில் எழுது.

அக்கா


ஏப்ரல் 20

அக்கா,

ஆமாம். நான்தான். போதுமா?

ஆய்வுக்கு முதல் நாள் சாயங்காலம், எல்லோரும் போன பிறகு பேக்கரிக்குப் போனேன். குறடால் கம்பியை வெட்டி, போர்டைப் பழையதிலிருந்து எடுத்துப் புதியதில் மாட்டினேன். ஐந்து நிமிஷ வேலை. ஆய்வு நாட்களில் பேக்கரி வகுப்பு வைக்கவில்லை, மாஸ்டரையும் வரச் சொல்லவில்லை. அந்த அம்மா போர்டைக் கண்டதும் நேராக அங்கேதான் போனார். ஓட்டிப் பார்த்தார், எல்லாம் சரியாக இருந்தது. சந்தேகம் வந்தாலே நிறுத்தி வைத்துவிடுவோம் என்று சொன்னேன். இவ்வளவு கவனமான கல்லூரியைப் பார்த்ததில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பழையதன் பக்கம் திரும்பவே இல்லை.

திருப்பி மாட்டுவதாகத்தான் இருந்தேன். ஆய்வு முடிந்த அன்றே பாராட்டு, கைகுலுக்கல், பேட்டி. அப்புறம் விடுமுறை. மறந்தே போய்விட்டது, அக்கா. சத்தியமாக மறந்துவிட்டேன். ஆறாம் தேதி காலை ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டபோதுதான் ஞாபகம் வந்தது. படியில் இறங்கும்போதே தெரிந்துவிட்டது.

ஸ்விட்சுக்கு எழுதிப் போட்டு ஐந்து மாதம் ஆயிற்று, பாகம் வரவில்லை. ஒரு ஸ்விட்சுக்காக அங்கீகாரம் நின்றால் ஆயிரத்து நானூறு பேர் தெருவுக்கு வருவார்கள். அவர்கள் யார் என்று உனக்குத் தெரியாது. எங்கேயும் இடம் கிடைக்காமல் கடைசியாக இங்கே வந்தவர்கள், என்னைப் போல. அவர்களை விட்டுக்கொடுக்கச் சொல்கிறாயா? மாஸ்டருக்கு இன்னும் இரண்டு வருடத்தில் ஓய்வு. பெரிதாக ஒன்றும் ஆகாமல், ஓய்வுப் பலன் கைவிட்டுப் போகாமல் நான் பார்த்துக்கொள்கிறேன். பட்டன் அக்காவுக்குக் கல்லூரியிலேயே உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுக்கிறேன். யாருக்கும் நஷ்டம் வராமல் முடித்துவிடலாம். காகிதம் அனுப்பியது நான்தான், அதையும் தெரிந்துகொள்.

நீ நல்லவள் மாதிரி எழுதுகிறாய். அந்த வித்தையை எனக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது, பந்தைத் தவிர ஒன்றும் தெரியாது. நர்ஸ் நீதான். "இப்படிக் கட்டினா ஒருத்தனும் கண்டுபிடிக்க மாட்டான்" என்று சொன்ன வாய் உன்னுடையது. இப்போது வந்து எந்தக் கால் என்று கேட்கிறாய்.

விசாரணை வரைக்கும் வாயைத் திறக்காமல் இரு. என் அக்காவாக இந்த ஒன்றை மட்டும் செய். இதற்கு முன்னால் செய்ததுதானே?

தம்பி

இந்தக் கடிதத்தை இரண்டு தடவை கிழிக்கப் போனேன். கிழிக்காமலே அனுப்புகிறேன்.


ஏப்ரல் 27

தம்பிக்கு,

ஒரு வாரம் உனக்கு எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். கோபத்தில் எழுதினால் திட்டிவிட்டு நிம்மதியாகிவிடுவேன், அதனால்.

ஆமாம், சொன்ன வாய் என்னுடையதுதான். நீ எழுதும்வரை அதை நான் மறந்திருந்தேன் என்று நினைக்காதே. ஒவ்வொரு தடவை ஒருவர் முட்டியில் கட்டுப் போடும்போதும் எனக்கு அது ஞாபகம் வரும். டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்து, "இந்தக் கால்தானே?" என்று கேட்டார். "ஆமா சார்" என்றேன். நீ கெஞ்சினாய், அம்மாவுக்கு உன் ஆட்டத்தைப் பார்க்க ஆசை, எல்லாம் இருந்தது. ஆனால் அந்த "ஆமா சார்" என் வாயிலிருந்து வந்தது.

நான் விழாவில் எழுந்து போன இடத்தை இப்போது சொல்கிறேன். மைக்கைப் பிடித்துக்கொண்டு நீ சொன்னாய், "எதிர் டீம் தடுப்பாட்டக்காரன் ஒருத்தன் என் முட்டிய உடைச்சான். நான் விழுந்தேன். ஆனா எழுந்தேன்" என்று. எல்லோரும் கை தட்டினார்கள். நான் அங்கேதான் எழுந்தேன்.

அந்தத் தடுப்பாட்டக்காரன் மொட்டை உன்னைத் தொடவே இல்லைடா. டீம் டாக்டருக்கு உதவியாக வந்திருந்த நான் கோட்டுக்கு வெளியே ஐஸ் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தேன். உன் பக்கத்தில் யாருமே இல்லை. பந்தை வாங்கி நீயாகத் திரும்பினாய், வலது முட்டி திரும்பவில்லை. மொட்டை உன்னைத் தூக்கத்தான் ஓடி வந்தான். தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அவன் மிதித்த மாதிரி தெரிந்தது. நீ மறுக்கவில்லை. மறுத்தால் முட்டி முன்னாலேயே போயிருந்தது தெரிந்துவிடும், நல்ல காலில் கட்டுப் போட்ட கதை வெளியே வந்துவிடும். நானும் பேசாமல் இருந்தேன். எந்த மைதானத்துக்குப் போனாலும் அவனைப் பார்த்து ஊளையிட்டார்கள். இரண்டு வருடத்தில் ஆட்டத்தை விட்டுவிட்டான்.

உனக்கு இது தெரியாது. அதற்குப் பிறகு ஒரு நாள் அவன் மனைவி காய்ச்சலோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு என் வார்டுக்கு வந்தாள். என்னை அடையாளம் கண்டுகொண்டாள். "நீங்க அன்னிக்குப் பக்கத்துலதானே நின்னீங்க? என் வீட்டுக்காரர் நெஜமாவே மிதிச்சாரா?" என்று கேட்டாள். நான் சரியாகப் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டு, குழந்தைக்கு வெப்பமானி வைத்தேன். கேட்டால் நான் உண்மையைச் சொல்வேன் என்று நம்பித்தான் அவள் கேட்டாள். அவள் போன பிறகு மருந்து அறையில் போய் அழுதேன்.

மூன்று வருடமாக உன் போனை எடுக்காதது உன் மேல் உள்ள கோபத்தால் மட்டும் இல்லை. நீ பேசினால் அந்தக் கதையை மறுபடி சொல்வாய், நானும் மறுபடி கேட்டுக்கொண்டிருப்பேன் என்ற பயம்.

அப்போது மொட்டையின் தலையில் கட்டினோம். இப்போது மாஸ்டர் தலையில் கட்டப் பார்க்கிறாய். மாஸ்டரின் மனைவிக்கு அன்றைக்கு ஏதோ பரிசோதனையாம், அதனால்தான் விடுப்பாம். பட்டன் அக்காதான் சொன்னாள். அந்த மனுஷன் தினமும் அவளுக்குப் போன் செய்கிறார். ஒருவேளை தான்தான் கண்ணு தெரியாமல் மாற்றி மாட்டிவிட்டோமோ என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டதாம். அவளிடம் கேட்டு அழுகிறாராம். இதற்கு என்ன ஓய்வுப் பலன் கொடுப்பாய்?

இந்தத் தடவை நான் வாயை மூட மாட்டேன். ஆறாம் தேதி சாயங்காலம் வரை பார்ப்பேன். நீ சொல்லவில்லை என்றால் பட்டன் அக்காவிடம் நானே சொல்லிவிடுவேன். உன்னுடைய மூன்று கடிதமும் என் கைப்பையில் இருக்கிறது. அதைக் கொண்டுபோய்க் காட்டும்படி செய்துவிடாதே. உன்னைத் தூக்கி வளர்த்த கைடா இது.

அக்கா


மே 7

அக்கா,

சொல்லிவிட்டேன்.

நீண்ட மேஜை, ஏழு பேர், ஆளுக்கொரு தண்ணீர் டம்ளர். மாஸ்டர் கடைசி நாற்காலியில் மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரைத்தான் முதலில் கேட்டார்கள். "எனக்குத் தெரியல சார். நான் பழசுலதான் மாட்டினதா ஞாபகம். ஆனா இப்ப எதையும் உறுதியாச் சொல்ல முடியல" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஐந்தாம் தேதி வரைக்கும், ஏன், அந்த அறைக்குள் போகும் வரைக்கும் நான் முடிவு செய்யவில்லை. உன் பயமுறுத்தல்தான் காரணம் என்று நினைத்துக்கொள்ளாதே. அவர் கண்ணாடியைத் துடைத்ததைப் பார்த்த பிறகு என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

"போர்டை மாத்தினது நான்" என்றேன். யாருக்கும் புரியவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். டைப் அடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். ஆய்வுக்குழு அம்மாவும் வந்திருந்தார். "உங்க கவனத்தப் பாராட்டி ஒரு பக்கம் எழுதினேன் நான்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னார்.

மாஸ்டர் என்னையே பார்த்தார். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேனா, தெரியவில்லை. "அப்ப என் கண்ணு சரியாத்தான் இருக்கா?" என்று மட்டும் கேட்டார். நான் ஆமாம் என்றேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

மாஸ்டரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். என்னை அன்றைக்கே நீக்கிவிட்டார்கள். இன்னும் வழக்கு வரும், வரட்டும். பேக்கரிப் பிரிவுக்கு சீல். அங்கீகாரத்தை ஐந்து வருடத்திலிருந்து ஒரு வருடமாகக் குறைத்திருக்கிறார்கள். மற்ற வகுப்புகள் இன்று காலை வழக்கம் போல நடந்தன. ஆயிரத்து நானூறு பேர் தெருவுக்கு வருவார்கள் என்று உனக்கு எழுதினேன். வந்தது நான் ஒருவன்தான்.

என் மனைவி நேற்றிலிருந்து பேசவில்லை. நீ அவளுக்கு ஒரு போன் செய்தால் நன்றாக இருக்கும். மொட்டையின் விலாசம் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். அந்த அம்மாவிடம் நான்தான் சொல்ல வேண்டும். நீ முன்னால் சொல்லிவிடாதே.

தம்பி


மே 14

தம்பிக்கு,

நீ வந்துபோய் நான்கு நாள் ஆகிறது. என்னிடம் சரியாகப் பேசாமல் போய்விட்டாய், நானும் தடுக்கவில்லை. வார்டில் நின்று அழ வேண்டாம் என்று இரண்டு பேருக்குமே தோன்றியது போல.

வார்டு வாசலில் நர்ஸ் மேஜையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். லிஃப்டை விட்டுவிட்டு மூன்று மாடி படியேறி வந்தாயே, என்ன பிடிவாதம்! இடது காலை முதலில் வைத்து, வலதை இழுத்துக்கொண்டு. நான் மார்ச்சில் கேட்ட கேள்விக்கு அன்றைக்குத்தான் பதில் தெரிந்தது.

நீ சொல்லி முடித்ததும் அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நீ நாற்பது நிமிஷம் நின்றாய். உட்கார் என்று எனக்கு வாய் வரை வந்தது, சொல்லவில்லை. அது அவள் சொல்ல வேண்டியது.

நீ போன பிறகு ஒரு நாள் முழுக்க அவள் யாரிடமும் பேசவில்லை. மறுநாள் நானும் அவளிடம் சொன்னேன், அந்த வித்தையை உனக்குக் கொடுத்தது நான்தான் என்று. நம்ப முடியாமல் பார்த்தாள். "நீங்களா சிஸ்டர்?" என்றாள். அன்றைக்குக் கட்டு மாற்ற வேறு நர்சைக் கூப்பிட்டாள். எனக்கு வலித்தது. வலிக்க வேண்டியதுதான்.

இன்றைக்குத்தான் அவளாகக் கூப்பிட்டாள். மன்னித்தாளா என்று என்னைக் கேட்காதே. அதை அவளிடம் கேட்க உனக்கும் உரிமை இல்லை, எனக்கும் இல்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அந்த போர்டு இன்னும் புது மெஷின்லயே தொங்குதா?"

தெரியாது என்றேன்.

"செப்டம்பர்ல நான் திரும்பப் போறேன் சிஸ்டர். பாதிப் படிப்பு பாக்கி இருக்கு. மூணு விரலு போதும், மாவு பிசையறதுக்கு மெஷின் இருக்கு. நான் போகும்போது அது அங்க தொங்கக் கூடாது. உங்க தம்பிகிட்ட சொல்லுங்க."

சொல்லிவிட்டேன்.

உன் மனைவியிடம் பேசினேன். மூக்கால் அழுதாள், ஆனால் பேசினாள். ஒன்றாவது நல்லதாக நடந்திருக்கிறது.

அக்கா


மே 29

அக்கா,

உன் கடிதம் கிடைத்ததும் மாஸ்டருக்குப் போன் செய்தேன். சீல் உடைக்கிற நாளில் வந்தால் போதும் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அது இன்றைக்கு நடந்தது.

கேட்டில் காவலாளி சல்யூட் அடிக்கப் போய், கையைப் பாதியில் நிறுத்தி, வருகையாளர் நோட்டில் கையெழுத்துப் போடச் சொன்னார். காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். போர்டு கழற்ற என்று எழுதினேன்.

பழைய மெஷினை விசாரணைக்காரர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். தரையில் நாலு கால் தடம் மட்டும் இருக்கிறது. சுவரை நன்றாகக் கழுவியிருக்கிறார்கள். புதிய மெஷினில் அந்த போர்டு நான் மாட்டியபடியே தொங்கியது. புது முதல்வர், அதிகாரிகள், தச்சு மாஸ்டர் எல்லோரும் நின்றார்கள். யாரும் தொட்டிருக்கவில்லை.

"நாங்க கழட்டக் கூடாது சார். மாட்டினவர்தான் கழட்டணும். நீங்க போட்ட விதிதான்" என்றார் மாஸ்டர். குத்திக் காட்டுகிற குரல் இல்லை. வகுப்பில் சொல்வது போலச் சொன்னார். குறடை என் கையில் கொடுத்தார்.

கம்பியை அன்றைக்கு அவசரத்தில் கீழ்ச் சட்டத்தில் முறுக்கியிருந்தேன். குனிந்தால் எட்டவில்லை, வலது முட்டியைத் தரையில் ஊன்ற வேண்டியிருந்தது. அத்தனை பேர் முன்னால் ஊன்றினேன். ஐந்து நிமிஷத்தில் மாட்டியதைக் கழற்ற கால் மணி நேரம் ஆனது. குறடு இரண்டு தடவை வழுக்கியது. எழுந்திருக்க முடியவில்லை, மெஷினைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். யாரும் கை கொடுக்கவில்லை, நானும் யாரையும் பார்க்கவில்லை. போர்டை மாஸ்டரிடம் கொடுத்தேன், வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

அப்புறம் அவர் மெஷினைப் போட்டார். ஓடவிட்டு மூடியைத் திறந்தார். நின்றது. மறுபடி மூடி, ஓடவிட்டு, திறந்தார். நின்றது. என்னைப் பார்த்து, "நீங்க திறங்க சார்" என்றார். நான் திறந்தேன்.

உடனே நின்றுவிட்டது, அக்கா. அவளிடம் சொல்லிவிடு.

தம்பி